ஏற்றுரிமை: பலர் கூடி ஆக்கும் படைப்புகளின் வரலாற்றில் ஒரு சிக்கல்

தோற்றுவாய்

ஒருவர் தாமே தனித்து ஆக்கும் நூலுக்கு ஆசிரியர் அவர் ஒருவரே. அதனைத் திருத்தும் உரிமையும் அவருடையதே. பலர் கூடி ஆக்கும் படைப்பின் நிலை அத்தகையதன்று. அதிற் பங்கு பெறத் தக்கவர் யாவர், பங்கு பெற்றோருள் பிறர் எழுதியதைத் திருத்தத் தக்கவர் யாவர், அவ்வுரிமையை அவர்க்கு வழங்குவோர் யாவர் என்னும் மூன்று வினாக்கள் அங்கே எழுகின்றன. இவ்வினாக்களுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று இவ்வினாக்கள் மிக வெளிப்படையாக எழும் இடம் கட்டற்ற மென்பொருள் துறையாகும். யாவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு மூலநிரல் வெளியிடப்படும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். ஆயின், தம்மிடம் உள்ள படியை மாற்றுதல் வேறு. எல்லார்க்கும் பொதுவாயுள்ள மூலப்படியை மாற்றுதல் வேறு. பின்னதற்குத் தனி உரிமை வேண்டும். நிரல் எழுதுவோர் அதனைக் 'கமிட்' உரிமை என வழங்குவர். பொதுப்படியில் ஒரு மாற்றத்தை ஏற்றிப் பதியும் உரிமையாதலின் யாம் அதனை ஈண்டு 'ஏற்றுரிமை' என்று குறிப்போம். பொதுப்படி இருக்கும் இடத்தை நிரற்களஞ்சியம் என்றும், அதனைக் காக்கும் பொறுப்புடையாரைப் பேணுநர் என்றும், புதிய திருத்தங்களை அளிப்போரைப் பங்களிப்பாளர் என்றும் குறிப்போம்.

தமிழாராய்ச்சி செய்வார்க்கு இதனாற் போந்த பயன் என்னை எனின், கூறுதும். இன்று தமிழை எழுதுவதும், அச்சிடுவதும், தேடுவதும், பழைய நூற்பக்கங்களின் படத்தை எழுத்தாக மாற்றுவதும் மென்பொருள் வழியே நிகழ்கின்றன. இக்கருவிகளுட் சிலவற்றைக் காப்போர் ஒருவர் அல்லது இருவரே. அவர் அயர்ந்தால் கருவி அயரும். அவர் விலகினால் கருவி நிற்கும். ஆகவே, அடுத்து வருவோரை எங்ஙனம் ஈர்ப்பது, அவர்க்கு எப்பொழுது திறவுகோலைக் கொடுப்பது என்பன தமிழின் நலத்தோடு தொடர்புடைய வினாக்களே.

ஏடும் அச்சும்

பலர் கைபட்டு வளர்ந்த படைப்பு தமிழுக்குப் புதியதன்று. பனையோலைச் சுவடிக்கு நீண்ட வாழ்நாள் இல்லை. ஏடு சிதையுமுன் அதனைப் பெயர்த்தெழுதுதல் வேண்டும். அங்ஙனம் பெயர்த்தெழுதியோர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ திருத்துவோரும் ஆயினர். விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றினார் சிலர். சிதைந்த இடத்தைத் தம் அறிவுக்கு எட்டியவாறு நிரப்பினார் சிலர். இன்றைய வழக்கிற் கூறின், ஏடெழுதிய ஒவ்வொருவர்க்கும் முழு ஏற்றுரிமை இருந்தது. ஆனால், எது எப்பொழுது எவரால் மாற்றப்பட்டது என்பதற்குப் பதிவு இல்லை. முன்னிருந்த ஏடு செல்லரித்த பின்னர், மாற்றத்துக்கு முற்பட்ட வடிவை மீட்கும் வழியும் இல்லாது போயிற்று. நம் பழைய நூல்களின் பாடங்களிற் காணும் குழப்பங்கள் பலவற்றுக்குக் காரணம் திருத்துவோர் பலராயிருந்தமை அன்று. திருத்தத்தின் வரலாறு காக்கப்படாமையே என்பது எம் கருத்து.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபொழுது இக்குறையைப் பெரிதும் நீக்கினார்கள். தாம் கொண்ட பாடத்தை மேலே தந்து, பிற பாடங்களை அடிக்குறிப்பிற் காத்தார்கள். கைவிடப்பட்ட பாடமும் படிப்பவர் கண்ணுக்குப் புலனாயிற்று. அதனாற் பின்வந்தோர் பதிப்பாசிரியரின் தேர்வை மறு ஆய்வு செய்ய இயன்றது. அவர்கள் ஈட்டிய சுவடிகளைக் காக்கும் நூல்நிலையம், ருக்மிணி தேவியாரின் முயற்சியால் 1943-இல் அடையாற்றில் நிறுவப்பட்டு, இன்று பெசன்ட் நகரில் உள்ளது. அந்நூல்நிலையத்தின் ஏட்டுக்கட்டுகளையும், பதிப்புகளின் அடிக்குறிப்புகளையும் ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும்: திருத்துவோனை நம்பலாமா என்னும் வினாவினும், திருத்தத்தை மீளக் காணலாமா என்னும் வினாவே முதன்மையானது. இவ்வுண்மை பின்னர் ஆராயப்படும் மென்பொருள் வரலாற்றுக்கும் திறவுகோலாகும்.

அகராதியும் கலைக்களஞ்சியமும்

இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் நிகழ்ந்த இரு பெருமுயற்சிகளை அடுத்து நோக்குவோம். ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய இப்பணி, 1926 முதல் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை அவர்களின் தலைமையில் நடந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. 1939-இல் அநுபந்தம் வெளிவந்தது. மற்றொன்று, 1946-இல் தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம். பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட இதன் முதல் தொகுதி 1954-இல் வந்தது. 1968-இல் வந்த பத்தாம் தொகுதியோடு பணி முற்றிற்று.

இவ்விரண்டும் பலர் உழைப்பால் ஆனவை. எனினும், எழுதுவோர் அழைக்கப்பட்டவர்; திருத்துவோர் அமர்த்தப்பட்டவர். அழைப்பின்றி ஒருவர் உட்புக வழியில்லை. இதனைக் குறை என்று கூறுதல் பொருந்தாது. அச்சு அத்தகைய காவலை வேண்டிற்று. ஆயிரக்கணக்கான படிகள் அச்சான பின் ஒரு பிழையைக் களைதல் அரிது. ஆதலின், பிழை புகாமுன் காத்தலே முறை. ஆனால், அக்காவலுக்கு ஒரு விலை உண்டு. ஒரு சொல் விடுபட்டதெனக் கண்ட சிற்றூர்ப் புலவர் அதனைச் சேர்க்க இயலாது, கடிதம் எழுதலாம், அநுபந்தம் வரும்வரை காத்திருக்கலாம். அநுபந்தத்துக்குப் பின் கண்ட பிழைக்கு அடுத்த பதிப்புவரை காத்திருத்தல் வேண்டும். காத்திருப்பு நீள நீள, கடிதம் எழுதுவோர் ஆர்வமும் குன்றும் என்பது சொல்லாமலே விளங்கும்.

காவல் மிகுந்தால் விளைவது யாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு இணையத்தில் நியூபீடியா என்னும் ஆங்கிலக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. கற்றறிந்தோர் எழுத, ஏழு படிநிலைகளில் ஆய்ந்த பின்னரே கட்டுரை ஏற்கப்படும் என்பது அதன் விதி. முதலாண்டில் ஏற்கப்பட்டவை இருபதை ஒட்டிய கட்டுரைகளே. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில், யாவரும் எழுதலாம், யாவரும் திருத்தலாம் என்னும் விதியோடு விக்கிப்பீடியா தொடங்கிற்று. ஓராண்டில் அதன் கட்டுரைகள் பல்லாயிரமாயின. 2003-இல் நியூபீடியா மறைந்தது. அதே ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. விக்கிப்பீடியா வென்றமைக்குக் காரணம் கதவு திறந்திருந்தது மட்டுமன்று. ஒவ்வொரு மாற்றமும் பழைய வடிவோடு காக்கப்பட்டமையும், கெடுத்ததை ஒரு நொடியில் மீட்க இயன்றமையுமே அத்திறப்பைத் தாங்கின. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இல்லாத அப்பதிவு இங்கே இருந்தது.

மென்பொருளில் ஏற்றுரிமையின் வரலாறு

மென்பொருள் உலகமும் இவ்வழியே வந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினசு டோர்வால்ட்சு லினக்சு கருவகத்தைத் தொடங்கினார். உலகெங்குமிருந்து திருத்தங்கள் அஞ்சலில் வந்தன. அவற்றை ஏற்றுபவர் அவர் ஒருவரே. 1998-இல் வரும் திருத்தங்களின் பெருக்கம் ஒருவர் ஆற்றலைக் கடந்தது. அனுப்பிய திருத்தம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, கண்ணிற் படவே இல்லையா என்று அனுப்பியவர் அறியக்கூடவில்லை. பூசல் எழுந்தது. பகுதிதோறும் துணைப் பேணுநரை நம்பி அவர் வழியே திருத்தங்களைப் பெறும் முறை இதன் பின்னர் வலுப்பெற்றது. 2005 ஏப்ரலில் டோர்வால்ட்சு 'கிட்' என்னும் கருவியை ஆக்கினார். இதன்வழி ஒவ்வொருவரும் முழு வரலாற்றோடு கூடிய முழுப்படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். தம் படியில் எவர் ஒப்புதலுமின்றித் திருத்தங்களைப் பதியலாம். பின்னர்ப் பொதுப்படியில் இணைக்குமாறு வேண்டலாம். உரிமை பெற்ற பின்னரே உழைக்கலாம் என்னும் முறை மாறி, உழைத்த பின்னர் உரிமை பெறும் முறை எளிதாயிற்று.

வேறு சிலர் வேறு வழி கண்டனர். 1995-இல் எண்மர் கூடி அப்பாச்சி என்னும் இணைய வழங்கி மென்பொருளைப் பேணத் தொடங்கினர். நல்ல திருத்தங்களைத் தொடர்ந்து அளிப்பவர்க்கு, இருப்போர் வாக்களித்து ஏற்றுரிமை வழங்கினர். டெபியன் என்னும் இயங்குதளத் திட்டத்தில் உறுப்பினர் ஆவதற்கு நீண்ட தேர்வுமுறை இருந்தது. 2007-இல் அவர்கள் வாக்கெடுப்பின் வழி ஓர் இடைநிலையை ஏற்படுத்தினர்: முழு உறுப்பினர் அல்லாதாரும் தாம் பேணும் தொகுப்புகளை மட்டும் ஏற்றலாம் என்பது அது. உரிமை என்பது முழுதும் உண்டு அல்லது முற்றும் இல்லை என்று இருக்க வேண்டுவதின்று; படிப்படியாகவும் அளக்கலாம் என்பதை இஃது உணர்த்துகின்றது.

கதவை மிக இறுக அடைத்தோர்க்கு நேர்ந்தது யாது? ஜிசிசி என்னும் நிரல்மொழிபெயர்ப்பியின் வரலாறு இதற்கு விடை தரும். அதனைப் பேணியோர் திருத்தங்களை மிக மெதுவாகவே ஏற்றனர். பொறுமையிழந்த பங்களிப்பாளர் 1997-இல் ஈஜிசிஎஸ் என்னும் கிளைத்திட்டத்தைத் தனியே தொடங்கி, ஏற்றுரிமையைப் பலர்க்கும் வழங்கினர். கிளை தாய்மரத்தினும் விரைந்து வளர்ந்தது. 1999 ஏப்ரலில் தாய்த்திட்டத்தாரே கிளையைத் தம் முறையான பதிப்பாக ஏற்றுக்கொண்டனர். மறுத்த உரிமையைப் பங்களிப்பாளர் வேறிடத்தில் தாமே எடுத்துக்கொள்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சென்னையின் முயற்சிகள்

இனிச் சென்னையை நோக்குவோம். அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், வானூர்தியியல் துறையின் வகுப்பறை ஒன்றில், சென்னை லினக்சுப் பயனர் குழுவினர் திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பல ஆண்டுகள் கூடினர். கட்டணம் இல்லை, தகுதித் தேர்வு இல்லை. மாணவரும் பணியாளரும் ஓரறையில் அமர்ந்து, ஒருவர் கற்றதை மற்றவர்க்கு உரைத்தனர். 2005-இல் நடுவணரசின் ஆதரவில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், சென்னை சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் உறுப்புகளாகக் கொண்டு தோன்றிற்று. சென்னை சி-டாக் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கிய பாஸ் லினக்சு 2007-இல் வெளிவந்தது. அக்காலத்தை ஒட்டியே நந்தனத்தில் உள்ள எல்காட் நிறுவனம் லினக்சு இயங்குதளத்துக்கு மாறி, அரசு அலுவலகங்களிலும் அதனைப் பரப்ப முனைந்தது. 2012-இல் கணியம் என்னும் மின்னிதழ் இத்துறையைத் தமிழிலேயே கற்பிக்க முன்வந்தது.

இவை யாவும் போற்றத்தக்கன. எனினும், இவற்றுட் பெரும்பாலன பயனரைப் பெருக்கின என்பதும், பயனர் பெருகிய அளவுக்குப் பங்களிப்பாளர் பெருகவில்லை என்பதும் ஒப்பவேண்டிய உண்மைகள். பயன்படுத்துவோன் பங்களிப்போனாதற்கு இடையே ஒரு வழி வேண்டும். அவ்வழியின் படிகளை எண்ணிப் பார்ப்போம். கிண்டியிலோ தியாகராய நகரிலோ பயிலும் மாணவர் ஒருவர் ஒரு பிழையைக் காண்கின்றார். அதனை ஆங்கிலத்தில் முறையாக எழுதி அறிவித்தல் முதற்படி. மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியில் தொகுத்து இயக்குதல் இரண்டாம் படி. பலர் இங்கேயே திரும்பிவிடுவர். பிழையைத் திருத்தி அனுப்புதல் மூன்றாம் படி. மறுமொழிக்குக் காத்திருத்தல் நான்காம் படி. இந்நான்காம் படியிலேதான் பங்களிப்பாளர் பிறக்கின்றார் அல்லது மறைகின்றார். மறுப்பு வந்தாலும் காரணத்தோடு வந்தால் அவர் மீண்டும் முயல்வர். யாதொரு மறுமொழியும் வாராவிடின், கதவு அடைபட்டதெனக் கொண்டு அகல்வர். விதியால் அடைக்கும் கதவினும் மௌனத்தால் அடைக்கும் கதவு வலியது.

தமிழ்ப் பங்களிப்பாளர்க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மென்பொருளின் பட்டியல்களையும் செய்திகளையும் தமிழாக்குதல் புதியோர் எளிதிற் புகக்கூடிய வாயில். கேடீஈ, குநோம் முதலிய பணிச்சூழல்களைத் தமிழாக்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தன. இத்திட்டங்களின் தலைமைப் பேணுநர் தமிழ் அறியார். அதனால், ஒவ்வொரு மொழிக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நம்பி, அம்மொழிக்குரிய பொறுப்பை அவரிடம் விடுகின்றனர். இது நல்ல ஏற்பாடே. ஆயின், அவ்வொருவர் பிற பணிகளில் ஆழ்ந்துவிட்டால், அம்மொழிக்குரிய கதவு முழுதும் அடைபட்டுவிடும். வெளியே நிற்பவர் தமிழர். உள்ளே திறவுகோல் வைத்திருப்பவரும் தமிழர். இடையே மறுமொழி இல்லை. இந்நிலையில் அயலார் எவரையும் குறைகூற இடமில்லை. தமிழ்க்குழுக்கள் இருவர் மூவரிடம் உரிமையைப் பகிர்ந்து வைத்தலும், அவருள் ஒருவராவது புதியவராக இருத்தலும் இதற்குத் தீர்வாம்.

இரு கண் முறை

புதியோர்க்குக் கதவைத் திறந்தும் தரத்தைக் காத்தும் வருதல் இயலுமோ என்று ஐயுறுவார்க்குத் தமிழ் விக்கிமூலம் சான்றாகும். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவாக்கிய நாட்டுடைமை நூல்கள் பல இத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. நூலின் பக்கப்படம் ஒருபுறமும், அதிலிருந்து கணினி எடுத்த எழுத்து மறுபுறமும் தோன்றும். கணினி எடுத்த எழுத்தில் பிழை மலிந்திருக்கும். ளகரம் லகரமாகும், ஒற்றுக்கள் மறையும். எவரும் படத்தை நோக்கி எழுத்தைத் திருத்தலாம். மெய்ப்புப் பாராத பக்கம் சிவப்பு நிறத்தாற் குறிக்கப்படும். ஒருவர் திருத்தி முடித்தால் மஞ்சளாகும். திருத்தியவரல்லாத மற்றொருவர் மீண்டும் நோக்கி ஒப்பினாலன்றிப் பச்சையாகாது.

இம்முறையின் நுட்பத்தை எண்ணுதல் வேண்டும். நீ யார், என்ன கற்றாய், எவர் உன்னை அறிவார் என்று இது வினவுவதில்லை. மயிலாப்பூரில் ஓய்வு பெற்றிருக்கும் ஆசிரியரும் பள்ளி மாணவரும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆயினும், எத்துணைப் பெரும்புலவராயினும் தாம் திருத்தியதைத் தாமே ஒப்ப இயலாது. ஆராயப்படுவது ஆளன்று, பணியே. பணிக்குக் காவல் இரண்டாம் கண். பக்கம் என்னும் சிறு அளவு, புதியோர் முதல்நாளிலேயே ஒன்றை முடித்த நிறைவைத் தருகின்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்திலும், ஒருவர் தட்டெழுத மற்றவர் மெய்ப்புப் பார்க்கும் வழக்கம் இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே இப்பணியைச் செய்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

இதுகாறும் கூறியதற்கு வலிய மறுப்பு ஒன்று உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. 2024 மார்ச் 29-ஆம் நாள், எக்சுஸீ என்னும் தரவுச் சுருக்க மென்பொருளில் ஒரு கள்ளவழி புதைக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. உலகின் கணினி வழங்கிகள் பலவற்றில் இடம்பெறும் மென்பொருள் அது. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர் 2021 முதல் நல்ல திருத்தங்களை அளித்து, பேணுநரின் நம்பிக்கையைப் பெற்று, ஏற்றுரிமையும் வெளியீட்டுரிமையும் அடைந்து, இறுதியில் அவ்வழியைப் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினியுட் புகும்பொழுது ஏற்பட்ட அரை நொடித் தாமதத்தை ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரெசு பிராயிண்டு என்னும் பொறியாளரே இதனைக் கண்டறிந்தார். ஏற்றுரிமையை எளிதாக்கினால் இத்தகைய கேடு விளையாதோ என்பது மறுப்பு.

நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கின் மூன்று செய்திகள் புலனாகும். முதலாவது, அம்மென்பொருளைப் பேணியவர் பல்லாண்டாகத் தனியொருவர்; ஊதியமின்றி உழைத்து அயர்ந்திருந்தவர். உரிமையைப் பிறர்க்கு விரைந்து கொடுக்குமாறு முகமறியாப் பெயர்கள் பல அவரை நெருக்கின. நெருக்கத்துக்கு இடங்கொடுத்தது அவர் தனிமை. இரண்டாவது, புதியவர் பெற்ற உரிமைக்கு இரண்டாம் கண்ணின் காவல் இல்லை. அவர் ஏற்றியதை மற்றொருவர் ஒப்பவேண்டும் என்னும் விதி இருந்திருப்பின், அவர் செயல் அத்துணை எளிதாயிராது. மூன்றாவது, கள்ளவழியை இயக்கும் இன்றியமையாத பகுதி யாவரும் காணும் நிரற்களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட தொகுப்புக்கோப்பில் மட்டுமே அது இருந்தது. வரலாற்றுப் பதிவின் ஒளி படாத இடத்திலேயே நஞ்சு வைக்கப்பட்டது.

ஆதலின், எக்சுஸீ நிகழ்ச்சி கதவை அடைக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. ஒருவர் மட்டும் காவல் நிற்கும் கதவு எத்துணை மெலிது என்பதற்கே சான்றாகும். உரிமை பெற்றோர் பலராகவும், ஒருவர் செயலை மற்றவர் காண்போராகவும் இருந்தால் வஞ்சகர்க்கு இடம் சுருங்கும். உரிமையைப் பகிராது வைத்திருத்தல் காவல் போலத் தோன்றினும், நாளடைவில் அஃது அயர்வையும், அயர்வு கேட்டையும் விளைக்கும். எனினும், மறுப்பிலிருந்து ஒரு வரம்பை யாமும் ஏற்கின்றோம். பொதுப்படியில் திருத்தம் ஏற்றும் உரிமை வேறு. உலகுக்கு வெளியீடு செய்யும் உரிமை வேறு. முன்னதை விரைந்து தரலாம். பின்னதைப் பலர் ஒப்பிய பின்னரே தருதல் முறை.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படும் முடிபுகளைத் தொகுத்துரைப்போம்.

பலர் கூடி ஆக்கும் படைப்புக்கு முதற்காவல், திருத்தத்தின் வரலாற்றைக் காத்தல். ஏடெழுதியோர் கையில் அஃது இல்லாமையின் பாடங்கள் கலந்தன. அடிக்குறிப்பால் அதனை ஓரளவு காத்தமையின் சாமிநாதையரவர்களின் பதிப்புகள் இன்றும் ஆராய்ச்சிக்குத் துணையாகின்றன. வரலாறு முழுதும் காக்கப்படும் இக்காலத்தில், பிழை நேருமோ என்று அஞ்சிப் புதியோரைத் தடுத்தற்குக் காரணம் மிகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது, உரிமை வழங்குமுன் ஆராய வேண்டுவது அவர் அளித்த பணியையே. அழைப்பும் அறிமுகமும் தகுதிக்கு அளவுகோல் ஆகா. சிறு திருத்தம், சிறு பகுதியில் உரிமை, பின்னர் முழு உரிமை, இறுதியில் வெளியீட்டுரிமை என நிலைகள் வகுத்தல் நன்று.

மூன்றாவது, எந்நிலையினரும் தம் பணியைத் தாமே ஒப்பலாகாது. புதியவர்க்கு இவ்விதி பாதுகாப்பு, பழையவர்க்கு அடக்கம்.

நான்காவது, வந்த திருத்தத்துக்கு விரைந்து மறுமொழி கூறுதல் பேணுநரின் முதற்கடமை. ஏற்றலும் மறுத்தலும் அவர் உரிமை. வாளாவிருத்தல் அவர் உரிமையன்று.

ஐந்தாவது, தமிழ்க்கருவி ஒவ்வொன்றுக்கும் பேணுநர் மூவரேனும் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் மாணவராயிருப்பின் அக்கருவிக்கு அடுத்த தலைமுறையும் உண்டு எனலாம். இதன்பொருட்டுக் கல்லூரித் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து ஒன்று செய்யலாம். தமிழ் மாணவர் விக்கிமூலத்தில் ஒரு நூலை இரு கண் முறையில் முடித்தலையும், கணினி மாணவர் தமிழ்க் கருவியொன்றின் பிழையைத் திருத்தி அனுப்புதலையும் பயிற்சியாகக் கொள்ளலாம். அத்திருத்தம் ஏற்கப்பட்டதா என்பதினும், மாணவர் மறுமொழி பெற்றாரா என்பதை ஆசிரியர் வினவுதல் வேண்டும்.

பெசன்ட் நகர் நூல்நிலையத்தின் சுவடிகளை எழுதியோர் பலர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கை ஓய்ந்தபொழுது வேறொரு கை எழுத்தாணியைப் பற்றியமையாலேயே நம் நூல்கள் நம்மை அடைந்தன. இன்றைய எழுத்தாணி வேறு, ஓலை வேறு. அடுத்த கைக்கு அதனைக் கொடுக்கும் கடமை மட்டும் மாறவில்லை. கொடுக்கக் காலம் தாழ்த்தின், பற்றுவதற்குக் கை இராது.